சரக்கோடு வரும் ஆங்கிலம்

கப்பலிலிருந்து இறங்கும் சரக்கு எதுவாயினும் அது தனியே வருவதில்லை. கூடவே காகிதம் வருகிறது. சீனத்து விளையாட்டுச் சாமானாயினும் ஜப்பானிய இயந்திர உறுப்பாயினும், நவசேவாத் துறைமுகத்து வாயிலை முதலில் காகிதம் தாண்ட வேண்டும். சரக்கு பின்னர்தான் தாண்டும். இப்பொழுது அக்காகிதத்திற் பெரும்பகுதி கணினித் திரையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் தாளாயினும் திரையாயினும் அதிலுள்ள மொழி ஆங்கிலமே. மும்பையில் குடியேறியுள்ள நம்மவர்களுள் இந்த வாயிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளனவாதலால், அந்த ஆங்கிலத்தைப் பற்றி நம் பத்திரிகையிற் சிறிது எழுதலாமென்று எண்ணினோம்.

நம் முன்னோருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பழைய பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு முதுகுதான் மூலதனம். 1989ஆம் ஆண்டில் நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. சரக்கெல்லாம் கண்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. மூட்டைக்கு வேலை குறைந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், மாநிலத்துக்கு மாநிலம் சிறு கிடங்கு வைத்திருந்த கம்பெனிகள் பல அவற்றை மூடிவிட்டுப் பெருங்கிடங்குகளை நாடின. பிவண்டிப் பக்கம் போனவர்கள் அங்கே நிற்கும் கூரைகளைப் பார்த்திருப்பார்கள். இத்தொழில் முழுவதற்கும் இன்று லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். நம் பிள்ளைகள் அதிற் சேருகிறார்கள். சரக்கை எண்ணுகிறார்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள், வாயிலில் நின்று பெட்டியின் எண்ணைக் குறிக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்துப் பார்த்தாலும் அங்கேயே நிற்கிறார்கள். உள்ளே, ஆவணம் தயாரிக்கும் மேசைக்கு அவர்கள் போவதில்லை. ஏனென்று கேட்டால், "எனக்கு இங்கிலீஷ் வராது, அண்ணாச்சி" என்பது விடை.

நாம் 31 ஆண்டுகள் சுங்கத் தரகர் காரியாலயம் ஒன்றில் உத்தியோகம் பார்த்தோம். ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கத்து மாடி அறையில் இப்பிள்ளைகள் சிலருக்கு இத்தொழிலுக்குரிய ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே மிகுதி; ஆகவே நமக்கு அங்கே அண்ணாச்சி என்பதே பெயர்.

"வராது" என்று அவர்கள் சொல்லும் ஆங்கிலம் எது என்று விசாரித்தால் வேடிக்கையாக இருக்கும். அது தொலைக்காட்சியிற் செய்தி வாசிப்பவருடைய ஆங்கிலம். அல்லது திரைப்படத்துக் கதாநாயகனுடைய ஆங்கிலம். மூன்றே மாதத்தில் அதை வரவழைத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சிக் கூடம் ஒன்று நம் பகுதியிலும் உண்டு, பெயர் வேண்டாம். அங்கே பயின்று வந்த பிள்ளை ஒருவன் தன் பொழுதுபோக்குகளைப் பற்றி ஐந்து நிமிடம் தடையின்றிப் பேசினான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. பின்னர் பில் ஆஃப் லேடிங் ஒன்றை அவன் கையிற் கொடுத்தோம். மேலும் கீழும் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் அளவிற் சிறியது. சில நூறு சொற்கள் இருந்தால் நாளைத் தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தராசில் நிறுத்துப் போட்டதுபோல் இருக்கும். அவற்றுள் பெரிய சொற்களால் வரும் இடர் குறைவு. அகராதியைப் புரட்டினால் தீர்ந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பவை சிறிய சொற்களே.

சென்ற ஆண்டு நடந்தது ஒன்றைச் சொல்லுகிறோம். வகுப்புக்குப் புதிதாக வந்திருந்த இளைஞன் ஒருவன் கண்டெய்னர் நிலையம் ஒன்றில் இரவு முறையில் வேலை பார்த்தான். சரக்கை இறக்கிய காலிப் பெட்டிகள் நான்கையும் 14ஆம் தேதிக்குள் கப்பல் கம்பெனியின் முற்றத்தில் ஒப்படைக்க வேண்டுமென்று அவனுக்கு மின்னஞ்சல் வந்தது. ‘பை 14’ என்பது அதன் வாசகம். அவன் அதை வாசித்துவிட்டு லாரிக்காரரிடம் பெட்டி எண்களைக் கொடுத்து, ‘சௌதா தாரீக் தக்’ என்று மட்டும் இந்தியிற் சொன்னான். 14ஆம் தேதி வரை பெட்டிகள் தம்மிடம் இருக்கலாம் என்று அவர் பொருள் கொண்டார். பிறகு விடுமுறையும் குறுக்கிட்டு, 17ஆம் தேதிதான் அவை முற்றம் போய்ச் சேர்ந்தன. இலவச நாட்கள் கடந்துவிட்டதால் நான்கு பெட்டிக்கும் கப்பல் கம்பெனி டிட்டென்ஷன் கட்டணம் விதித்தது. அதில் ஒரு பகுதியை நிலையத்தார் இளைஞனுடைய சம்பளத்திற் பிடித்துக்கொண்டார்கள். தங்கை கலியாணத்துக்கென்று அவன் ஊரிற் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

ஞாயிற்றுக்கிழமை வந்தான், உட்காரவில்லை. "நான் ஊருக்கே போயிருதேன், அண்ணாச்சி. வாழைக்கா வித்தாவது பொழச்சுக்கிடுதேன். அதுக்கு இங்கிலீஷ் வேண்டாம்லா" என்றான்.

நாம் அவனை உட்காரவைத்து, அந்த மின்னஞ்சலைத் தமிழிற் சொல்லச் சொன்னோம். தயங்காமல், "பதினாலாம் தேதிக்குள்ள கொடுத்திரணும்" என்றான். சரிதானே! அவன் ஆங்கிலத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். பின் எங்கே இடறியது? இந்தியில் ‘தக்’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘பாஞ்ச் பஜே தக் ஆவோ’ என்றால் ஐந்து மணிக்குள் வா என்று பொருள். ‘பாஞ்ச் பஜே தக் ருக்கோ’ என்றால் ஐந்து மணி வரை இரு என்று பொருள். வினைச்சொல் கூட இருக்கும்போது இந்திக்காரருக்கு மயக்கம் ஏதுமில்லை. அதை விழுங்கிவிட்டால் எப்படியும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் முன்னது ‘பை’, பின்னது ‘அன்டில்’. தமிழில் முன்னது ‘குள்’, பின்னது ‘வரை’. ஆங்கிலேயர் இரண்டு சொல் வைத்திருக்கும் இடத்தில் தமிழரும் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று பொருந்தி நிற்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இங்கிலீஷ் வராது என்று ஊருக்குக் கிளம்பியவனுக்கு, வராமற்போனது இங்கிலீஷ் அன்று என்பது தெரிந்தது.

அன்று முதல் வகுப்பில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். ஆங்கில வாசகத்தைப் படித்தவுடன் முதலில் தமிழிற் சொல்ல வேண்டும். அதன் பின்னரே இந்தியில் ஏவ வேண்டும்; அதுவும் வினைச்சொல்லோடு.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவேண்டுமானால் வீட்டில் தமிழ் பேசலாகாது என்று கருதும் பெற்றோர் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளில் பாதி இந்தியும் கால் ஆங்கிலமும் கலந்த ஒரு பேச்சு நடக்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிற் படித்த பிள்ளைகளோ, தமிழிற் படித்ததையே ஒரு குறையாக எண்ணிக் கூசுகிறார்கள். நம் அனுபவம் வேறாக இருக்கிறது. ‘அவரிடமிருந்து’, ‘அவரிடம்’, ‘அவரால்’ என்பவற்றின் வேற்றுமை காதிற் பதிந்திருக்கும் பிள்ளைக்கு ‘ஃப்ரம்’, ‘டு’, ‘பை’ என்பவற்றைச் சொல்லித் தர ஒரு பொழுது போதும். எந்த மொழியிலும் உருபு உறுதிப்படாத பிள்ளைக்கு அதே பாடம் மூன்று வாரம் பிடிக்கிறது. பொருளை யார் அனுப்பினார், யார் பெற்றார், யார் வழியாகச் சென்றது என்று ஆவணம் முழுவதும் இந்த உருபுகளின் மேல்தான் நிற்கிறது.

சிறு சொற்களுக்கு இவ்வளவு கௌரவமா என்று ஐயுறுபவர்கள் பாரிஸ் நகரத்திலுள்ள சர்வதேச வர்த்தக சபையின் விதிகளைப் பார்க்கலாம். ஏற்றுமதியாளருக்கு வங்கிகள் கொடுக்கும் எல்.சி. என்னும் உறுதிக் கடிதங்கள் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பின்படி நடக்கின்றன. 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து அது வழக்கில் இருக்கிறது. தொகைக்கோ அளவுக்கோ முன்னால் ‘அபௌட்’ என்று இருந்தால் நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அது வரையறுக்கிறது. ‘ஆன் ஆர் அபௌட்’ என்று ஒரு தேதியைக் குறித்தால், அத்தேதிக்கு ஐந்து நாள் முன்னிருந்து ஐந்து நாள் பின் வரை. மாதத்தின் ‘பிகினிங்’ என்றால் முதல் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை. ‘மிடில்’ என்றால் 11 முதல் 20. ‘எண்ட்’ என்றால் 21 முதல் மாத முடிவு. சரக்கு ஏற்றும் காலத்தைச் சொல்லும்போது ‘அன்டில்’ அந்நாளையும் சேர்த்துக்கொள்ளும், ‘பிஃபோர்’ சேர்த்துக்கொள்ளாது. நம் ‘வரை’யும் ‘முன்’னும் அப்படியே. ‘ஃப்ரம்’ மட்டும் சற்றுக் கள்ளத்தனம் உடையது. சரக்கேற்றும் காலக் கணக்கில் குறித்த நாளைச் சேர்க்கும். உண்டியலுக்குப் பணம் கட்டும் தவணைக் கணக்கில் அதே நாளை விட்டுவிடும்!

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது இன்னொன்று. ‘ப்ராம்ட்’, ‘இமீடியட்லி’, ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாஸிபிள்’ என்ற சொற்கள், ஆவணத்தில் இருந்தே தீரவேண்டியவையாக இல்லாவிட்டால், பொருட்படுத்தப்படமாட்டா என்று அந்த விதிகள் கூறுகின்றன. நம் நாட்டுக் காரியாலயங்களில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் பல கடிதங்களில் மிஞ்சுவது முகவரி ஒன்றுதான்.

அடுத்தது ஒலி. இதில் தமிழ் நமக்கு உதவுவதில்லை; இடைஞ்சலே செய்கிறது. கண்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாளம் உண்டு. ஏழாவது இலக்கம் மற்றவற்றைக் கணக்கிட்டுப் பெறும் சோதனை எண். எழுத்தொன்று மாறினால் கணினி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். தொலைபேசியில் கேட்பவருக்கு அவ்வசதி கிடையாது. நம் எழுத்தில் ஒரே பகரம்தான். ‘பி’ என்று இங்கே அச்சிட்டிருக்கிறது. ஆங்கில நெடுங்கணக்கில் அது இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா என்று வாசகர் யாரேனும் சொல்ல முடியுமா? நாவும் அப்படியே பழகிவிட்டது. ‘டி’க்கும் இதே வியாதி.

இதற்கு மருந்து முன்பே இருக்கிறது. விமானிகளுக்காக 1956ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, இன்று கப்பல்களிலும் வழங்கும் சொல்வரிசை ஒன்று உண்டு. இரண்டாம் எழுத்துக்குப் ‘பிராவோ’, பதினாறாம் எழுத்துக்குப் ‘பாப்பா’. நான்காம் எழுத்து ‘டெல்டா’, இருபதாம் எழுத்து ‘டேங்கோ’. பாப்பா என்றதும் வகுப்பே சிரித்தது, சிரித்ததனால் மறக்கவில்லை. எண்களையும் தனித்தனியே சொல்லப் பழக்குகிறோம். ‘ஃபிஃப்டீன்’ என்றால் ‘ஃபிஃப்டி’ என்று காதில் விழக்கூடும். ‘ஒன் ஃபைவ்’ என்றால் விழாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட மாலுமிகளின் சொற்றொடர்த் தொகுப்பும் இப்படித்தான் இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்கிறது.

ஒலியை விடப் பெரிய தடை மரியாதை. பெரியவர் ஒன்று சொன்னால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. ஆகவே ராட்டர்டாமிலிருந்து ஏஜெண்டு தொலைபேசியில் விரைந்து பேசும்போது நம் பிள்ளை "எஸ் ஸார், எஸ் ஸார்" என்கிறான், ஒன்றும் விளங்கவில்லை. வைத்தபின் பக்கத்து மேசைக்காரரைக் கேட்கிறான். அவருக்கு எப்படித் தெரியும்? ஆதலால் முதற் பாடமாகவே மூன்று வாசகங்களை மனப்பாடம் செய்விக்கிறோம். மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள், எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், நான் எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன், சரிதானா பாருங்கள். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் நாணாமற் சொல்லத் தெரிந்தவர், மற்றதை வேலையிலேயே கற்றுக்கொள்வார்.

வீட்டிலறிந்த சொல் துறைமுகத்தில் வேறு பொருள் கொள்ளுவதும் உண்டு. ‘க்ளீன்’ பில் ஆஃப் லேடிங் என்றால் அழுக்கில்லாத தாள் அன்று. சரக்கோ கட்டுமானமோ பழுதுற்றிருப்பதாகக் குறிப்பு எழுதப்படாத சீட்டு. ‘ஸெட் டு கண்டெய்ன்’ என்பது, உள்ளே இன்னது இருப்பதாக அனுப்பியவர் சொல்லுகிறார், நாங்கள் பார்க்கவில்லை என்று கப்பல்காரர் கைகழுவும் வாசகம். ‘டெஸ்பாட்ச்’ காரியாலயத்தில் அனுப்புதல். கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்திலோ, குறித்த காலத்துக்கு முன்பே சரக்கை ஏற்றி இறக்கியதற்குக் கிடைக்கும் வெகுமதி. விலை நிபந்தனைகளைச் சுருக்கெழுத்தாகக் கூறும் இன்கோடெர்ம்ஸ் 1936இல் தொடங்கி, இப்பொழுது 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் பதினொன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு கட்டுரையே தனியாக வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவைப்போம்: சி.ஐ.எஃப். என்றால் விற்றவர் கப்பல் கூலியும் காப்புறுதியும் கட்டுகிறார். ஆனால் சரக்கு கப்பலில் ஏறியவுடனேயே நஷ்டப் பொறுப்பு வாங்கியவர் தலைக்கு வந்துவிடுகிறது. இதையறியாத வியாபாரிகளை நாமே பார்த்திருக்கிறோம்.

கடிதம் எழுதும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களுடைய மின்னஞ்சலில் ‘கைண்ட்லி’ மூன்று முறை வருகிறது. ‘டூ தி நீட்ஃபுல்’ என்று முடிகிறது. என்ன செய்யவேண்டுமென்பதைச் சொல்லாமலே, வேண்டியதைச் செய்யுங்கள் என்றால் ஹாம்பர்க் நகரத்துக் குமாஸ்தா என்ன செய்வார்? ‘ரிவர்ட்’ என்று பதிலெழுதச் சொல்கிறோம். பழைய நிலைக்குத் திரும்புதல் என்பதே அச்சொல்லுக்கு அவர் அறிந்த பொருளாக இருக்கலாம். லட்சம் என்றால் அவருக்கு விளங்காது. 04/07 என்று எழுதினால் நமக்கு ஜூலை 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் சண்டையில்லை. டன் என்றாலும் எந்த டன் என்று கேட்க வேண்டும். 1000 கிலோவும் உண்டு, 1016ம் உண்டு, அமெரிக்கருடைய 907ம் உண்டு. நாம் சொல்லிக்கொடுக்கும் கடிதம் நான்கே வரி. பெட்டி எண் என்ன, நடந்தது என்ன, வேண்டுவது என்ன, எந்தத் தேதி எத்தனை மணிக்குள். ஒரு ‘ப்ளீஸ்’ இருந்தால் மரியாதைக்குப் போதும்.

வகுப்பிற் பெண்கள் மூவர் இருக்கிறார்கள். அவர்களுள் செம்பூர்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி பி.காம். முடித்துச் சுங்கத் தரகர் காரியாலயத்திற் சேர்ந்தாள். உரண் பக்கம் தனியாகப் போய்வர வேண்டுமே என்று தகப்பனார் இழுத்தார், "அவ போயிட்டு வரட்டும். நாம மட்டும் பம்பாய்க்குத் துணையோடவா வந்தோம்?" என்று தாயார் கேட்டது நம் முன்னிலையில்தான். தரகர் காரியாலயங்களில் தேர்வு எழுதாத ஊழியருக்கு எச் அட்டை, தேறியவருக்கு ஜி அட்டை. எச் அட்டையோடே பத்து ஆண்டு கழித்தவர்கள் நம்மவரில் பலர். இந்தப் பெண் இப்பொழுது ஜி அட்டைத் தேர்வுக்குப் படிக்கிறாள். சுங்கச் சட்டத்து வாசகங்களை இரவில் உரக்கப் படித்து, ஒவ்வொன்றையும் தாயாருக்குத் தமிழிற் சொல்லுகிறாளாம். ‘ஷல்’ என்றால் செய்தே ஆகவேண்டும், ‘மே’ என்றால் செய்யலாம் என்பது இப்பொழுது அந்த அம்மாளுக்கும் தெரியும்.

வாழைக்காய் விற்கப் போவதாகச் சொன்ன இளைஞன் போகவில்லை. பிடித்த பணம் திரும்பி வரவில்லை. அதைக் கேட்டு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினான், பதில் இல்லை. வேறொரு நிலையத்துக்கு மாறிவிட்டான். அங்கே பகல் முறை. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும் அவன் வேலை.

வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கும். கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். வேலையில் இருப்பவர்கள் பழைய இன்வாய்ஸ், பாக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எதுவாயினும், முதலாளியின் அனுமதி பெற்று, பெயரையும் விலையையும் மறைத்துப் பிரதி எடுத்து வந்தால் உபகாரமாயிருக்கும். நம்மிடமுள்ளவை பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வது ‘டெமரேஜ்’ என்னும் சொல்.